அஞ்சலை எதிர் மூன்று சர்க்கார்

மோட்டாரை நிறுத்தச் சொன்னது நான்தான்.

உப்பளத்தில் பகல் பதினோரு மணிக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் நின்றால், மேஸ்திரிகள் நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும். தடதடப்பு அடங்கியதும் பாத்திகளுக்கு மேலே காற்று வீசுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. இருபது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாராவது இருமினால்கூட கேஸ் தோற்றுவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அந்த யாரோ நானாகத்தான் இருக்க வேண்டும்.

என் கையில் செல்போன். அதற்குள் உயர் நீதிமன்றத்தின் ஓர் அறை. உயரமான நாற்காலி, கறுப்பு அங்கிகள், கட்டுக்கட்டாகக் காகிதம். வெயிலில் திரை சரியாகத் தெரியாமல், அஞ்சலை தன் துண்டை என் தலைக்கும் போனுக்கும் சேர்த்துக் கூடாரம் மாதிரி பிடித்திருந்தாள். உள்ளே உப்பும் வியர்வையும் கலந்த வாடை.

எங்கள் வழக்கு வரிசையில் முப்பத்தேழு. திரையில் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, நீ ஏன் இப்படி பயப்படுற? கேஸ் போட்டது நானு," என்றாள் அஞ்சலை.

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அங்கே என்ன வேலை?

மரக்காணத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்த கதையைப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கடைக்கு வருகிற காகிதங்களை நான் படிப்பேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் மெஷின் சூடாகிற வரைக்கும் கையில் இருக்கிற தாளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

பட்டா மாற்றம் கேட்டு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு... எல்லா மனுவும் "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து "தங்கள் பாதம் பணிந்து" என்று முடியும். அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "பாதம் எல்லாம் எதுக்குங்க? இது உங்க உரிமை. 'ஆவன செய்யுமாறு கோருகிறேன்'னு எழுதுங்க, போதும்."

அந்தப் பெரியவர் பயந்துபோய், "கோபிச்சுக்கப் போறாங்கம்மா" என்றார். ஆனால் மாற்றி எழுதினார். பென்ஷனும் வந்தது. அதிலிருந்து என் கடையில் ஜெராக்ஸோடு திருத்தமும் உண்டு என்று ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது.

அப்புறம் எங்கள் சர்ச் மண்டபத்தில் இலவச சட்ட உதவி முகாம் ஒன்று நடந்தது. காகிதம் நகல் எடுக்கப் போன நான், முடிகிறபோது சட்டத் தன்னார்வலர் என்று பெயர் பதிந்துவிட்டுத் திரும்பினேன். கழுத்தில் ஓர் அடையாள அட்டை மாட்டினார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா வக்கீலம்மா, சாப்பாடு இருக்குதா?" என்றார்.

அஞ்சலை என் கடைக்கு வந்தது அதற்கு அடுத்த மழைக்காலம் முடிந்து. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து வந்தாள். கையில் ஒரு எக்ஸ்ரே கவர்.

"இத ஜெராக்ஸ் எடுக்க முடியுமாக்கா?"

"எக்ஸ்ரேவ எதுக்கும்மா ஜெராக்ஸ் எடுக்கிற?"

"மனுவோட வைக்கணும். கால் ஒடஞ்சதுக்கு சாட்சி வேணும்ல?"

இரண்டு பனைமரம்

ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் பழைய சிமெண்ட் பாலம் ஒன்று இருந்தது. ஒரு புயல் மழையில் அது நடுவில் உட்கார்ந்துவிட்டது. மறுவாரமே உப்பளத்து ஆட்கள் இரண்டு பனைமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். தற்காலிகம் என்றுதான் போட்டார்கள். வருஷங்கள் ஓடின. பனைமரத்தில் பாசி பிடித்தது, பிறகு உளுத்தது. இருநூறு பேர் தினமும் அதன் மேல் நடந்துதான் வேலைக்குப் போனார்கள்.

ஒரு மழைநாள் காலையில் அஞ்சலை அதில் வழுக்கி விழுந்தாள். கீழே உடைந்த பாலத்தின் சிமெண்ட் துண்டு. தொடை எலும்பு இரண்டாகப் போனது.

"சத்தம் எனக்கே கேட்டுச்சுக்கா," என்றாள். "காய்ஞ்ச வெறகு முறியுமே, அப்டி."

கூட வந்த பெண்கள் அவளை அருகில் இருந்த உப்பளத்துக் கரையில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். அது சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஊர்ப்பக்கத்துக் கரையில் வந்து நின்றது. நீல விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் டிரைவரின் முகம்கூடத் தெரிந்தது. கிட்டத்தட்ட நாற்பதடி தூரம். ஸ்ட்ரெச்சரைப் பனைமரத்தின் மேல் கொண்டுவர வழியில்லை.

கடைசியில் உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயில் அவளைப் போட்டு, நான்கு மூலையையும் நான்கு பெண்கள் தோளில் தூக்கிக்கொண்டு, நெஞ்சு வரை தண்ணீரில் இறங்கி அக்கரை சேர்த்தார்கள். தார்ப்பாயில் ஒட்டியிருந்த உப்பு சிராய்ப்புகளில் எல்லாம் இறங்கி எரிந்தது. எலும்பு முறிந்த வலியைவிட அந்த எரிச்சல்தான் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறதாம்.

கால் கூடியது. கோணலாகக் கூடியது. ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அதே பனைமரத்தின் மேல்.

"அடுத்த மழைக்கு அது ஒடையும்கா," என்றாள். "அப்ப மேல யாரு இருப்பாங்களோ?"

எங்களுடையது அல்ல

அவளுக்காக நான் எழுதிய முதல் மனு பஞ்சாயத்துக்குப் போனது. கிராம சபைக் கூட்டத்திலும் கை தூக்கிக் கேட்டோம். தீர்மானம் போட்டார்கள். கூடவே ஒரு பதிலும் கொடுத்தார்கள்: பாதைதான் எங்களுடையது, கால்வாய் எங்களுடையது அல்ல.

கால்வாயைப் பார்க்கிற மாநிலத் துறைக்கு எழுதினோம். கால்வாய் எங்களுடையதுதான், ஆனால் பாலம் போய் இறங்குகிற கரை மத்திய அரசின் உப்பள நிலம், அவர்கள் ஒப்புதல் தராமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று பதில்.

மத்திய அரசின் அலுவலகத்துக்கு எழுதினோம். நிலம் எங்களுடையதுதான், பாலம் கட்டுவது மாநிலத்தின் வேலை என்று ஆங்கிலத்தில் பதில்.

ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை. ஒன்றரை வருஷம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டு, மேல்முறையீடு செய்து, வாங்கிய பதில்களை எல்லாம் என் கடையின் மேஜை மேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் தனியாகப் படித்தால் நியாயமாக இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால், அந்த நாற்பதடி இந்தியாவிலேயே இல்லை என்று அர்த்தம் வரும்.

அஞ்சலை அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அஞ்சாவது வரை படித்தவள். ஆங்கிலத் தாளை மட்டும் நான் சொல்லக் கேட்டுக்கொண்டாள்.

"மூணு சர்க்கார் இருக்குதாக்கா நமக்கு?"

"ஆமா. டெல்லி, சென்னை, நம்ம பஞ்சாயத்து."

"மூணுக்கும் நான் ஓட்டு போட்டிருக்கேன்," என்றாள். மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கினாள். "அப்ப மூணு பேரையும் ஒரே எடத்துல உக்கார வெச்சிக் கேக்க முடியாதா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முடியும். அப்படி ஓர் இடம் இருக்கிறது.

இந்தியா மேலயா?

சட்ட உதவி மையம் எங்களுக்குக் கொடுத்த வக்கீலின் பெயர் பர்வீன். கோட்டக்குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, துபாயில் வேலை பார்த்துப் படிக்க வைத்தவர். சென்னையில் பிராக்டிஸ் ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மூன்று பதில்களையும் படித்துவிட்டு அவள் சத்தமாகச் சிரித்தாள். "அக்கா, இதுக்கு மேல நமக்கு ஆதாரமே வேணாம். அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க."

உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனு தயாரானது. முதல் பக்கத்தில் மேலே அஞ்சலையின் பெயர். கீழே எதிர்மனுதாரர்கள்: ஒன்று, இந்திய ஒன்றியம். இரண்டு, தமிழ்நாடு அரசு. மூன்று, பஞ்சாயத்து.

கையெழுத்துப் போட வந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தியா மேலயா கேஸ் போடுறேன்?"

"ஆமாங்க," என்றாள் பர்வீன்.

"புடிச்சி உள்ள போட்ற மாட்டாங்களே?"

"போட மாட்டாங்கக்கா. நீங்க கேட்டா அவங்க கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்லியே ஆகணும். சட்டம் அப்படித்தான் இருக்குது."

அஞ்சலை பேனாவை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். முடித்துவிட்டு, தன் பெயரையும் கீழே இருந்த மூன்று பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கும் இந்தியாவுக்கும் ஒரே சைஸ் எழுத்துதான் போட்டிருக்காங்க," என்றாள்.

வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. பதில் மனுவுக்கு நேரம் கேட்டார்கள். மழைக்காலத்துக்கு இன்னும் சில மாதம்தான் இருந்தது. மூன்றாவது முறைக்கு முந்தின நாள் பர்வீன் போன் செய்தாள். "மனுதாரர் காணொலியில வரலாம்னு அனுமதி வாங்கியிருக்கேன். லிங்க் அனுப்புறேன். அஞ்சலையக்கா லீவு போட வேணாம், இருக்கிற எடத்துலேருந்தே வரட்டும். ஆனா அமைதியான எடமா பாத்துக்கங்க."

அமைதியான இடம் என்றால் என் கடைதான். ஆனால் காலையிலிருந்தே அங்கே கரண்ட் இல்லை, வைஃபையும் போய்விட்டது. என் செல்போன் கம்பெனிக்கு டவர் நன்றாகக் கிடைப்பது கால்வாய்க் கரையில்தான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடி, அதை ஊர்க்கரையில் நிறுத்திவிட்டுப் பனைமரத்தின் மேல் நடந்து அக்கரை போனேன். அப்படித்தான் அந்த மோட்டாரை நிறுத்த வேண்டி வந்தது.

ஐட்டம் தர்ட்டி செவன்

கூப்பிட்டார்கள்!

பர்வீன் எழுந்து நின்றது சின்னதாகத் தெரிந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர். மாநில அரசு வக்கீல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் நான் அஞ்சலையின் காதில் சொன்னேன்: "அங்க தற்காலிகப் பாலம் ஒண்ணு இருக்குதாம். ஜனங்க சிரமம் இல்லாம போய் வர்றாங்களாம். அதனால அவசரம் இல்லயாம்."

அஞ்சலையின் மூச்சு என் தோளில் சூடாக விழுந்தது.

நீதிபதி திரையைப் பார்த்தார். "மனுதாரர் லைன்ல இருக்காங்களா? அங்க என்ன ஒரே காத்துச் சத்தம்? எங்க இருக்கீங்கம்மா?"

"உப்பளத்துலங்க அம்மா."

"கோர்ட்ல ஆஜராகும்போது ஒரு ரூம்ல உக்காரணும்னு உங்களுக்குச் சொல்லலையா?"

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எங்களை வெளியே தள்ளிவிடலாம். பர்வீன் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அஞ்சலை துண்டை விலக்கிவிட்டு வெயிலுக்கு வந்தாள்.

"தப்புதாங்க அம்மா. வேலைக்கு வந்த எடம். அவங்க சொல்ற பாலத்துக்கிட்டதான் நிக்கிறேன்."

"பாலத்துக்கிட்டயா?"

"ஆமாங்க. காட்டவாங்க?"

இரண்டு மூன்று வக்கீல்கள் ஒரே நேரத்தில் எழுந்து பேசினார்கள். நீதிபதி கையைக் காட்டி அவர்களை உட்காரச் சொன்னார். "காட்டுங்க," என்றார்.

இங்கே என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றத் தெரியாமல், என் தாடை, என் மூக்கு, என் அடையாள அட்டை, வானம் என்று உயர் நீதிமன்றத்துக்கு எல்லாவற்றையும் காட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி எட்டி அழுத்தியதும் கால்வாய் தெரிந்தது. அழுகிய பனைமரம் இரண்டும் தெரிந்தன.

அதற்குள் அஞ்சலை அதன் மேல் ஏறிவிட்டாள்.

நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. கோணல் காலை முன்னால் வைத்து, நல்ல காலை இழுத்துச் சேர்த்து, கைகளை விரித்துக்கொண்டு நடந்தாள். நடுவில் மரம் ஆடியது. உளுத்த தூள் தண்ணீரில் உதிர்ந்தது. ஒரு பெண் "ஐயோ" என்று கத்தியேவிட்டாள்.

திரையில் நீதிபதி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அம்மா! வேணாம். போதும், நான் பாத்துட்டேன். தயவுசெஞ்சு திரும்பி வாங்க."

அஞ்சலை நின்ற இடத்திலிருந்தே திரும்பிச் சொன்னாள். "தெனமும் போறதுதானுங்களே அம்மா."

அவள் கரைக்கு வந்து சேருகிற வரைக்கும் நீதிபதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வந்த பிறகு மூன்று சர்க்கார் வக்கீல்களையும் பார்த்து, தமிழிலேயே கேட்டார்: "யாரு எடம்ங்கிறத அப்புறம் பேசித் தீத்துக்குங்க. அடுத்த மழைக்குள்ள பாலம் வரணும். உங்க மூணு பேர்ல யாரு வேணாங்கிறீங்க? கைய தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

நீதிபதி உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலம். 'ஜாயின்ட் இன்ஸ்பெக்ஷன்' என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்தது. அத்தோடு படம் உறைந்தது. வட்டம் சுற்றியது. போன் செத்துவிட்டது.

"இன்னாக்கா ஆச்சு? இன்னா சொன்னாங்க?" இருபது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பொத்தி வைத்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. மோட்டார்காரர் ஓடிப்போய்த் தன் போனைக் கொண்டுவந்தார். பர்வீன் நம்பரைப் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. அஞ்சலை வரப்பில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தைப் பார்த்ததில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா! அக்கா, கேக்குதா? குடுத்துட்டாங்கக்கா! மூணு பேரும் ஒரே நாள்ல அங்க வந்து அளக்கணும். தேதி போட்டுக் குடுத்திருக்காங்க. அந்தத் தேதிக்குள்ள கட்டித் திறந்து விட்றணும். அதுவரைக்கும் நாளையிலேருந்து இரும்புப் பலகையில கைப்பிடியோட வழி போட்டுத் தரணும். அப்புறம்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உத்தரவோட தமிழ் நகல் ஒண்ணு அஞ்சலையக்கா கையில குடுக்கணும்னு ஜட்ஜம்மாவே தனியா சொன்னாங்க!"

பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள். யாரோ உப்பை வாரி வானத்தில் இறைத்தார்கள், அது எங்கள் தலையில் எல்லாம் கொட்டியது. மோட்டார்காரர் விசில் அடித்தார். அஞ்சலை மட்டும் அழுதாள். "கால் வலிக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

ரிப்பன்

அடுத்த வாரமே மூன்று ஜீப் ஒரே கரையில் வந்து நின்றன. மூன்று அதிகாரிகள் ஒரு டேப்பின் இரண்டு நுனியையும் நடுவையும் பிடித்து அளந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரும்புப் பலகை வந்தது. பிறகு கம்பி வந்தது, ஜல்லி வந்தது. வேலை சுணங்கிய நாட்களில் அஞ்சலை தமிழ் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு இன்ஜினியர் முன்னால் போய் நிற்பாள். பேச மாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். அவர் உடனே யாருக்காவது போன் செய்வார்.

பாலம் முடிந்தது. ஆனால் உத்தரவில் இருந்த கடைசித் தேதி அன்று காலை ஆறு மணிக்கு நாங்கள் போனபோது, பாலத்தின் குறுக்கே பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரும் போகக் கூடாதும்மா. திறப்பு விழா இருக்குது. அரசியல்ல பெரியவர் ஒருத்தர் பத்து மணிக்கு வந்து திறந்து வைப்பாரு."

"பத்து மணிக்கு வெயில் ஏறிடும். நாங்க எப்ப உப்பு வார்றது?" என்றாள் ஒருத்தி. பழைய இரும்புப் பலகையைக் கழற்றி முந்தின நாளே எடுத்துப் போயிருந்தார்கள்.

அஞ்சலை கவரிலிருந்து உத்தரவை எடுத்தாள். பிரித்தாள். விரலை வைத்து, எழுத்துக்கூட்டாமல், ஒரே ஓட்டமாகப் படித்தாள். எத்தனை முறை படித்திருந்தால் அப்படி வந்திருக்கும்! "இத்தேதியில் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் தடையின்றித் திறந்துவிட வேண்டும்."

"இன்னிக்கு இன்னா தேதி அண்ணே?"

காவலாளி தாளைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், இன்ஜினியருக்குப் போன் போட்டார். "சார், அந்தம்மா வந்திருக்குது சார்... ஆமா சார், கையில வெச்சிருக்குது."

அந்தப் பக்கம் இன்ஜினியர் சொன்னது எங்களுக்கே கேட்டது. "விட்ருய்யா. ரிப்பன் மட்டும் அறுந்துடாம பாத்துக்க."

அஞ்சலை ரிப்பனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். கூடையும் உப்பு வாருகிற பலகையுமாகப் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். புது சிமெண்ட்டில் வெறுங்கால்கள் பட்ட சத்தம் அத்தனை சுத்தமாகக் கேட்டது. நானும் குனிந்துதான் போனேன்.

பத்து மணி என்று சொன்னவர் பதினொன்றரைக்கு வந்தார். மாலை போட்டார்கள். கத்தரிக்கோல் நீட்டினார்கள். வெட்டினார். உப்பளத்திலிருந்து வந்து நின்று நாங்களும் கை தட்டினோம், மனசாரவே தட்டினோம். வழக்குப் போட்ட அம்மா இவர்தான் என்று இன்ஜினியர் அஞ்சலையைக் காட்டினார். பெரியவர் நல்ல மனுஷர். அவளை அருகே கூப்பிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"புதுப் பாலத்துல நடந்து பாக்குறீங்களாம்மா?"

"காலையிலேருந்து ஆறு தடவ போய் வந்துட்டேங்க சார்," என்றாள் அஞ்சலை. "நல்லா கட்டியிருக்காங்க. நீங்களும் தைரியமா நடங்க."